மக்கள் இயக்கங்களும் குற்றவியல் சட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசி முடித்து மேடையிலிருந்து இறங்கும்போது, ஓரமாக வந்து நின்று சிலர் கேட்கும் கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். இடம் மாறினாலும் ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

மக்கள் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தால் குற்றவியல் சட்டம் உண்மையிலேயே மாறுகிறதா?

மாறுகிறது, ஆனால் கேட்டது கேட்டபடியே மாறுவது அரிது, கேட்ட வேகத்தில் மாறுவது அதைவிட அரிது. இந்தியாவில் இதைப் புரிந்துகொள்ள முதலில் படிக்க வேண்டியது, பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரால் மதுரா வழக்கு என்று அறியப்படும் வழக்கு. 1972-இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், காவல் நிலையத்துக்குள்ளேயே ஒரு பழங்குடியினச் சிறுமியைக் காவலர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அமர்வு நீதிமன்றம் விடுதலை செய்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, 1978-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுதலை செய்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்துப் போராடியதற்கான தடயம் இல்லை என்பன அந்தத் தீர்ப்பின் காரணங்களுள் முக்கியமானவை.

1979 செப்டம்பரில் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்ட அறிஞர்கள் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்து போவதும் இசைவு தருவதும் ஒன்றாகுமா என்பதே அதன் மையக் கேள்வி. அந்த மடலைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் அமைப்புகள் பல நகரங்களில் ஊர்வலம் நடத்தின. சட்ட ஆணையம் 1980-இல் தன் 84-ஆவது அறிக்கையை அளித்தது. 1983-இல் குற்றவியல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. காவலில் நடக்கும் வன்புணர்வு தனிக்குற்றமாயிற்று. அத்தகைய வழக்கில் உறவு நடந்தது மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று பெண் நீதிமன்றத்தில் கூறினால், இசைவு இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற 114-அ பிரிவு சாட்சியச் சட்டத்தில் சேர்ந்தது. விடுதலைத் தீர்ப்போ மாறவே இல்லை. அந்தச் சிறுமிக்குக் கிடைக்காத நீதி அவருக்குப் பின் வந்தவர்களுக்கான விதியாயிற்று என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம்தானே? வெளியில் இருப்பவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறார்கள்?

வாசல்கள் பல. சட்டமன்றமும் நாடாளுமன்றமும் ஒன்று. அங்கே உறுப்பினர்கள், நிலைக்குழுக்கள், வரைவு மசோதா மீதான கருத்துக் கேட்பு ஆகியவை வழிகள். 2014-இல் இந்திய அரசு வகுத்த நடைமுறைப்படி வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும். அது எப்போதும் பின்பற்றப்படுவதில்லை என்றாலும், அதைச் சுட்டிக் காட்டிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அடுத்தது நீதிமன்றம். பீகார் சிறைகளில் தண்டனைக் காலத்தைவிட நீண்ட காலம் விசாரணையின்றி அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி நாளிதழில் வந்த செய்திகளைக் கொண்டு, வழக்கறிஞர் கபிலா ஹிங்கொராணி தொடுத்த ஹுசைனாரா காத்தூன் வழக்கில், விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமையின் பகுதி என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. 1986-இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் தலைவரான டி.கே.பாசு காவல் மரணங்களைப் பற்றித் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, கைதின்போது பின்பற்ற வேண்டிய 11 கட்டளைகளாக அது விளைந்தது. கைது செய்பவரின் பெயர்ப்பட்டை, கைதுக் குறிப்பாணை, உறவினருக்குத் தகவல் என இன்று சாதாரணமாகத் தோன்றும் பலவற்றின் வேர் ஒரு கடிதத்தில் இருக்கிறது.

மூன்றாவது வாசலான நிர்வாகத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அடுத்த விடை அதைப் பற்றியது.

சட்டம் என்கிறீர்கள், கொள்கை என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறா?

வேறுதான். எது குற்றம், என்ன தண்டனை என்பது சட்டம். புகாரை யார் எழுதுகிறார்கள், எந்த வழக்கை முதலில் எடுக்கிறார்கள், தடயவியல் கூடத்துக்கு எத்தனை பணியிடம், சிறையில் மருத்துவர் எப்போது வருகிறார் என்பனவெல்லாம் கொள்கை. சுற்றறிக்கை, நிதி ஒதுக்கீடு, பணி விதி என்ற வடிவங்களில் அது இருக்கும். ஒரு சுற்றறிக்கை மாறுவதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. பல இயக்கங்கள் பெரிய வாசலையே தட்டிக்கொண்டிருக்க, திறந்து கிடக்கும் இந்தச் சிறிய வாசல் கவனிக்கப்படாமல் போகிறது.

எத்தனை லட்சம் கையெழுத்து வாங்கினால் அரசு கேட்டே ஆக வேண்டும்?

அப்படி ஓர் எண் இந்தியாவில் கிடையாது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் இணைய மனு முறையில் 10,000 கையெழுத்துக்கு அரசு பதில் தரும். 1,00,000 ஆனால் விவாதத்துக்கு எடுப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும். அங்கேயும் சட்டம் மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் மட்டும், போதிய கையெழுத்து சேர்ந்தால் முன்மொழிவு நேரடியாக வாக்கெடுப்புக்குச் சென்று சட்டமாகவே ஆகிவிடலாம். அதன் விளைவு எப்போதும் நல்லதாக இருந்ததில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஒரு வழக்குக்கு நாடே கொதிக்கிறது. அதே மாதிரி நூறு வழக்குகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இது நியாயமா?

நியாயமில்லை. நடந்த இடம் தலைநகருக்கும் செய்தியாளர்களுக்கும் அருகில் இருப்பது, கேட்பவர்கள் தங்களையோ தங்கள் பிள்ளைகளையோ பாதிக்கப்பட்டவரின் இடத்தில் வைத்துப் பார்க்க முடிவது, குற்றம் செய்தவர் முன்பின் அறியாதவராக இருப்பது ஆகியவை ஒரு வழக்கை எல்லோருடைய வழக்காகவும் ஆக்குகின்றன. சாதியாலோ வறுமையாலோ தொலைவாலோ ஒதுக்கப்பட்டவருக்கு இவற்றில் ஒன்றும் வாய்ப்பதில்லை.

இதனால் சட்டத்துக்கும் கேடு உண்டு. கொதிப்பை உண்டாக்கிய வழக்கின் வடிவத்திலேயே புதிய சட்டமும் வார்க்கப்படுகிறது. பாலியல் குற்றங்களில் மிகப் பெரும்பாலானவை பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள் செய்பவை என்று இந்தியாவின் குற்றப் பதிவுகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. ஆனால் அறியாத மனிதன் செய்யும் கொடூரத்தை மனத்தில் வைத்துச் சட்டம் எழுதினால், வீட்டுக்குள் நடப்பதைப் புகாராகச் சொல்ல முன்வருவதே மேலும் கடினமாகிறது. மாமாவைத் தூக்குக்கு அனுப்பவா புகார் கொடுக்கிறாய் என்று ஒரு குழந்தையிடம் குடும்பம் கேட்டால், அந்தக் குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

2012 டெல்லி கொடுமைக்குப் பிறகு போராடியவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதா?

கிடைத்ததும் உண்டு, விடப்பட்டதும் உண்டு. எது கிடைத்தது, எது விடப்பட்டது என்பதில்தான் பாடம் இருக்கிறது. டெல்லியில் ஓடும் பேருந்தில் ஓர் இளம்பெண் கூட்டு வன்புணர்வுக்கு ஆளான சம்பவம் நடந்தது 2012 டிசம்பர் 16. ஒரு வாரத்துக்குள் நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில், லீலா சேத், கோபால் சுப்பிரமணியம் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட குழு அமைந்தது. ஏறத்தாழ 80,000 கருத்துரைகளைப் பெற்று, 2013 ஜனவரி 23 அன்று அறிக்கை தந்தது. பிப்ரவரி 3-ஆம் தேதி அவசரச் சட்டமும், பின்னர் 2013-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் வந்தன. மதுரா வழக்கில் மடலுக்கும் சட்டத்துக்கும் இடையே நான்கு ஆண்டுகள் ஓடின; இங்கே நான்கு மாதம்கூட ஆகவில்லை.

வன்புணர்வின் வரையறை விரிந்தது. பின்தொடர்ந்து தொல்லை தருவது, மறைந்திருந்து பார்ப்பது, அமிலம் வீசுவது ஆகியவை தனிக் குற்றங்களாயின. பாலியல் குற்றப் புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவல் அலுவலருக்கே சிறைத் தண்டனை உண்டு என்றாயிற்று. என் பார்வையில் அந்தத் திருத்தத்தின் மிகப் பயனுள்ள வரி அதுவே. மறுபுறம், திருமண உறவுக்குள் நடக்கும் வன்புணர்வுக்கு உள்ள விலக்கை நீக்க வேண்டும் என்றும், ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்றும், காவல் துறையைச் சீர்திருத்த வேண்டும் என்றும் குழு கூறியவை ஏற்கப்படவில்லை. மரண தண்டனை வேண்டாம் என்று குழு சொல்லியிருந்தும், பாதிக்கப்பட்டவர் இறந்துபோகும் வழக்குகளுக்கும் மீண்டும் அதே குற்றம் செய்பவர்களுக்கும் அது சேர்க்கப்பட்டது. தண்டனையைக் கூட்டும் கோரிக்கை அரசுக்கு எளிது. ஒரே நாளில் நிறைவேற்றலாம், செலவும் இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களையே கேள்வி கேட்கும் கோரிக்கைக்கு அந்த வசதி இல்லை.

தண்டனையைக் கடுமையாக்கினால் பயம் வரும்தானே? அதைக் கேட்பதில் என்ன தவறு?

கேட்பவரின் வலியில் தவறே இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் புள்ளிவிவரம் பேசுவது மனிதத்தன்மையும் ஆகாது. ஆனால் குற்றவியலில் நெடுங்காலமாக உறுதிப்பட்டு வரும் கருத்து ஒன்று உண்டு: பிடிபடுவோம் என்ற உறுதிக்கு இருக்கும் தடுப்பு ஆற்றல் தண்டனையின் கடுமைக்கு இல்லை. நூறு பேரில் ஒருவருக்குத் தூக்கு என்பதைவிட, நூறு பேரில் தொண்ணூறு பேருக்குச் சிறை என்பதே குற்றம் செய்ய நினைப்பவரைத் தயங்க வைக்கும்.

கடுமை கூடக்கூடத் தண்டிக்கத் தயங்குவதும் கூடும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஏறத்தாழ 200 குற்றங்களுக்கு மரண தண்டனை இருந்தது. வீட்டில் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு என்ற நிலையில், நடுவர் குழுவினர் வேண்டுமென்றே பொருளின் மதிப்பை 39 ஷில்லிங் என்று தீர்மானித்து உயிரைக் காப்பாற்றினார்கள். சாமுவேல் ரோமிலி என்ற வழக்கறிஞர் நாடாளுமன்றத்தில் இதை எதிர்த்துப் போராடி, 1808-இல் பிக்பாக்கெட் திருட்டுக்கு இருந்த மரண தண்டனையை நீக்கச் செய்தார். இன்னும் வியப்பானது 1830-இல் நடந்தது: கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கு வேண்டாம் என்று கேட்டு மனுக் கொடுத்தவர்கள் வங்கியாளர்கள். கள்ளக் கையெழுத்தால் பணம் இழந்தவர்களே அவர்கள்தாம். தூக்கு என்பதாலேயே யாரும் தண்டிக்க முன்வருவதில்லை, அதனால் எங்கள் சொத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அவர்களின் வாதம்.

முன்பு குறிப்பிட்ட கலிபோர்னியா வாக்கெடுப்புக்கு இங்கே வருகிறேன். 1994-இல், சிறையிலிருந்து விடுதலையான குற்றவாளிகள் கொலை செய்த நிகழ்வுகளால் எழுந்த சினத்தில், ஏற்கெனவே இரண்டு கடுமையான குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் மூன்றாவதாக, சட்டம் பெருங்குற்றம் என வகைப்படுத்திய எதைச் செய்தாலும் 25 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்ற சட்டத்துக்கு மக்கள் வாக்களித்தார்கள். மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடியவருக்கு அந்தத் தண்டனை விதிக்கப்பட்டு, அதை 2003-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கடைசியில் 2012-இல் அதே மக்கள் இன்னொரு வாக்கெடுப்பில், மூன்றாவது குற்றமும் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று அதைத் திருத்தினார்கள். இடையில் 18 ஆண்டுகள். அவற்றைச் சிறையில் கழித்தவர்களுக்கு அந்தத் திருத்தம் எதைத் திருப்பித் தரும்?

போராடிப் புதுச் சட்டம் வாங்கினால், போராட்டத்துக்குக் காரணமான குற்றவாளிக்கு அது பொருந்துமா?

பொதுவாகப் பொருந்தாது. குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனைக்கு மேல் பின்னால் கூட்டித் தண்டிக்க முடியாது என்பது பெரும்பாலான நாடுகளின் அடிப்படை விதி. இந்தியாவில் அது அரசியலமைப்பின் 20(1) பிரிவு. டெல்லி வழக்கில் 18 வயது நிரம்பாத ஒருவர் 2015 டிசம்பரில் விடுவிக்கப்பட்டபோது மீண்டும் போராட்டம் எழுந்து, சில நாட்களில் இளஞ்சிறார் நீதிச் சட்டம் மாநிலங்களவையில் நிறைவேறியது. 16 முதல் 18 வயது வரையிலானவர்கள் கொடுங்குற்றம் செய்தால் வயது வந்தவர்களாக விசாரிக்க அது வழி செய்தது. எந்த ஒருவரை நினைத்து மக்கள் அதைக் கேட்டார்களோ அவருக்கு அது பொருந்தவே இல்லை. அவரை அறியாத ஆயிரக்கணக்கான சிறார்களுக்குப் பொருந்தியது. வயதைக் குறைக்கக் கூடாது என்று வர்மா குழு கூறியிருந்ததையும் இங்கே நினைவுபடுத்த வேண்டும்.

நடைமுறை விதிகளில் விலக்கு உண்டு. லண்டனில் 1993-இல் இனவெறியால் கொல்லப்பட்ட ஸ்டீபன் லாரன்ஸ் என்ற இளைஞரின் பெற்றோர் தளராமல் போராடியதால் அமைந்த மெக்ஃபெர்சன் விசாரணை 1999-இல் 70 பரிந்துரைகளை அளித்தது. ஒரு முறை விடுதலையானவரைப் புதிய வலுவான சான்று கிடைத்தால் மீண்டும் விசாரிக்க வகை செய்வதைப் பரிசீலிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்று, முந்தைய விடுதலைகளுக்கும் பொருந்தச் செய்தது. 1996-இல் விடுதலையான ஒருவர் உட்பட இருவர் 2012-இல் தண்டிக்கப்பட்டார்கள்.

பெரும்பான்மை மக்களுக்குப் பிடிக்காத மாற்றத்தை ஓர் இயக்கம் கொண்டுவர முடியுமா?

முடியும். பிரிட்டனில் 1965-இல் கொலைக்கான மரண தண்டனை ஐந்தாண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டு 1969-இல் நிரந்தரமாக ஒழிக்கப்பட்டபோது, பொதுமக்களில் பெரும்பாலோர் அதை வைத்திருக்கவே விரும்பினார்கள். ஆனால் 1950-இல் தூக்கிலிடப்பட்ட டிமொதி எவான்ஸ் குற்றமற்றவராக இருக்கலாம் என்ற ஐயம் நாட்டின் மனசாட்சியை விடாமல் உறுத்தியது. சிட்னி சில்வர்மன் போன்ற உறுப்பினர்கள் அதை மீண்டும் மீண்டும் அவையில் எழுப்பினார்கள்.

இந்தியாவில் ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவை எதிர்த்து முதல் மனு டெல்லி உயர் நீதிமன்றத்தில் 1994-இல் தாக்கலானது. 2009-இல் வெற்றி, 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வி, 2018 செப்டம்பர் 6 அன்று மீண்டும் வெற்றி. நாடாளுமன்றத்தில் எண்ணிக்கை இல்லாதவர்கள் உரிமை என்ற அடிப்படையில் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 24 ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது.

வழக்கு நடக்கும்போதே "தூக்கில் போடு" என்று முழங்குவது தப்பா?

நேர்மையான விசாரணையைக் கேட்டுப் போராடலாம். முடிவைக் கேட்டுப் போராடுவது ஆபத்தானது. பிடிபட்டவர்தான் குற்றவாளி என்பதற்கு அப்போது நம்மிடம் இருப்பது பெரும்பாலும் காவல் துறையின் கூற்று மட்டுமே. உடனே யாரையாவது பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில்தான் தவறான ஆட்கள் பிடிபடுகிறார்கள். எவான்ஸை இங்கே மீண்டும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்திய நீதிமன்றங்களில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1980-இல் பச்சன் சிங் வழக்கு மரண தண்டனையை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1983-இல் மச்சி சிங் வழக்கு, சமுதாயத்தின் கூட்டு மனசாட்சி அதிர்வதை ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. தெருவில் எழும் குரல் இவ்வாறு தீர்ப்புக்குள் நுழைய இடம் கிடைத்தது. 2009-இல் பரியார் வழக்கில் உச்ச நீதிமன்றமே, பொதுக்கருத்தை இந்த அளவுகோலுக்குள் பொருத்துவது கடினம் என்று எச்சரித்தது. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ படத்தையோ பதாகையில் போடுவதைப் பற்றியும் கேட்கிறார்கள்: பாலியல் குற்றங்களில் அது சட்டப்படி தண்டனைக்குரியது. அன்பினால் செய்தோம் என்பது விலக்காகாது.

ஒரு மோசமான சட்டத்தையே ஒழித்துவிட்டோம். அது முழு வெற்றிதானே?

பாதி வெற்றி. இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-அ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. ஆனாலும் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குகள் தொடர்ந்து பதிவாகி வந்தன. மக்கள் சிவில் உரிமைக் கழகம் அதை எடுத்துக் காட்டியபோது, 2021-இல் நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. தீர்ப்பு வந்த நாளில் கொண்டாடிவிட்டுக் கலைந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

வேறொரு வகையும் உண்டு. பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டம் கடும் எதிர்ப்பால் 1995-இல் காலாவதியாக விடப்பட்டது. அதே நோக்கத்தில் 2002-இல் வந்த பொடா 2004-இல் நீக்கப்பட்டது. ஆனால் பொடாவின் பல கூறுகள் அதே 2004-இலும் பின்னர் 2008-இலும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. பெயர்ப்பலகையைக் கழற்றியதோடு இயக்கம் நின்றுவிட்டால், சரக்கு வேறு கடைக்குப் போய்விடுகிறது.

கைதிகளுக்காகப் பேசினால் குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள் என்கிறார்களே, என்ன சொல்வது?

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் என்று சொல்லுங்கள். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளி என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. ஹுசைனாரா காத்தூன் வழக்கில் தொடங்கிய கவனம் தொடர்ந்ததால்தான், குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் பாதியைச் சிறையில் கழித்த விசாரணைக் கைதியைப் பிணையில் விடுவிக்க வேண்டும் என்ற 436-அ பிரிவு பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர்களுக்கு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது.

நாங்கள் பத்துப் பேர் கொண்ட சிறு குழு. எதைக் கேட்டால் நடக்கும்?

அளக்கக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். யாரிடம் கேட்கிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்: இந்தியாவில் குற்றவியல் சட்டமும் நடைமுறையும் மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் உள்ளன, காவலும் சிறையும் மாநிலப் பட்டியலில் உள்ளன. மாநிலம் மத்தியச் சட்டத்துக்கு முரணாகத் திருத்தம் செய்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். பாலியல் வன்முறை வழக்குகளில் 21 நாளில் தீர்ப்பு என்று அறிவித்து 2019-இல் ஆந்திரம் நிறைவேற்றிய திஷா மசோதா அந்த ஒப்புதல் கிடைக்காமலே நின்றது.

பிறகு, மூன்றாவது கேள்வியின் விடையில் சொன்ன சிறிய வாசலுக்குச் செல்லுங்கள். உங்கள் மாவட்டச் சிறையில் 479-ஆவது பிரிவின்படி விடுதலைக்குத் தகுதி பெற்றும் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுப் போடுங்கள். அந்தத் தகுதி எட்டியதும் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமையைச் சட்டம் சிறைக் கண்காணிப்பாளர்மீதே வைத்திருக்கிறது. பதிலில் வரும் எண்ணை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கொடுத்து, மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடியும் கேளுங்கள்.